பறை அடிக்காத நாள்

கூப்பிடாமல் என் வளவுக்குள் வந்த நில அளவைக்காரரை விளக்குமாற்றோடு துரத்தியவள் நான். வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் பாவம், நல்லவர். தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே போய் நின்று, மூச்சு வாங்கியபடி ஒரு கடதாசியை வேலிக்கு மேலால் நீட்டினார்.

"அம்மா, நான் அளக்க வந்த ஆள் மட்டுந்தான். கோட்டுக் கட்டளை இது. வாசிச்சுப் பாருங்க."

வாசித்தேன். நான் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்ற வளவு இரண்டு பேருக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவன் என் மாமாவின் மகன் சிவதர்சன். மற்றவர் வாவிக்கரையில் விடுதி கட்ட இடம் தேடித் திரியும் யாரோ ஒரு முதலாளி. யசோதினி என்கிற என் பெயர் அந்தக் கடதாசியில் எந்த மூலையிலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா எனக்குத் தந்தார், நான் என் மகள் உசாந்திக்குக் கொடுக்க வேண்டும். தேற்றாத்தீவுக்கு அங்கால் தெருவில் தொடங்கி வாவியில் முடிகிற வளவு இது. வெல்லாவெளியில் வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த போடியாரான என் அப்பா கந்தப்போடியும் கட்டி வந்து இந்த வீட்டில்தான் இருந்தார். தனக்கென்று இங்கே ஒரு சாண் நிலம் அவர் கேட்டதில்லை. கொழும்பில் இருக்கும் சிவதர்சனோ அம்மம்மாவின் வளவு தன் அப்பாவுக்கு வந்தது, அவருக்குப் பிறகு தனக்கு வந்தது என்று பாதியை அந்த முதலாளிக்கு விற்று, பாகப்பிரிவினை வழக்கும் போட்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாறு போதவில்லை.

அடுத்த நாளே நகரத்துக்குப் போய்ச் சட்டத்தரணி றுமானாவைப் பிடித்தேன். காத்தான்குடிப் பிள்ளை, என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, வார்த்தையை வீணாக்காதவள். நீதிமன்றத்தில் வழக்குக் கோவையைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் ஒரு பிரதியை வைத்தாள்.

"யசோதினி அக்கா, பாகப்பிரிவினைத் தீர்ப்பு எண்டா லேசில அசைக்க ஏலா. அது உலகத்தில எல்லாரையும் கட்டுற தீர்ப்பு எண்டு சொல்லுவாங்க. அதனாலதான் சட்டத்தில ஒரு பாதுகாப்பு வச்சிருக்கி. வழக்கு வைக்கக்குள்ள காணிக்குப் போய் அறிவித்தல் ஒட்டி, பறை அடிச்சு, அங்க உரிமை உள்ள எல்லாருக்கும் தெரியப்படுத்தணும். பிஸ்கால் அப்படிச் செஞ்சதாத்தான் அறிக்கை குடுத்திருக்காரு. வாசிங்க."

பிஸ்கால் என்பது நீதிமன்றத்தின் கட்டளைகளைக் கொண்டு திரிகிற உத்தியோகத்தர். அவருடைய அறிக்கை நாலே நாலு வரி. 'மேற்படி காணிக்குச் சென்று வேலியில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பறையறைந்து தெரியப்படுத்தப்பட்டது. பறை அடித்தவர் குஞ்சித்தம்பி. திகதி 14.03.2022.'

திகதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"அண்டைக்கு அப்பாட சாவு. முந்நூறு பேர் வளவுக்குள்ள நிண்டவங்க. ஒரு பிஸ்காலும் வரல்ல, ஒரு பறையும் அடிக்கல்ல."

றுமானா சிரிக்கவில்லை. "உங்கட மச்சான் கெட்டிக்காரர். அந்த நாளத் தெரிஞ்செடுத்துத்தான் பிஸ்காலக் கொண்டு எழுதுவிச்சிருக்காரு. போடியார்ட சாவு, பறை அடிக்காம இருக்குமா? ஊரே பறைச் சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ள கோட்டுப் பறையும் ஒண்டு எண்டு சொல்லுவாங்க. நீங்க பறையே அடிக்கல்ல எண்டு சொன்னா, இதக் காட்டுவாங்க." அவள் மேசையில் இன்னொன்றை வைத்தாள். அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நான் அச்சடித்துக் கொடுத்த நினைவு மலர். சிவதர்சன் அதையும் வழக்குக் கோவையில் சேர்த்திருந்தான்.

மூன்றாம் பக்கத்தைத் திறக்காமலே எனக்குத் தெரியும். 'குஞ்சித்தம்பி குழுவினரின் பறைமேளம் திசையெட்டும் முழங்க, போடியாரின் இறுதி யாத்திரை நடைபெற்றது.' நான் எழுதிய வரி அது. பச்சைப் பொய்.

அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரின் தெற்குத் தெருவில் பறை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா சாவதற்கு மூன்று மாதத்துக்கு முன், மார்கழியில், அவர்கள் கூட்டம் வைத்து ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் கோயிலுக்கு அடிப்பார்கள், மேடைக்கு அடிப்பார்கள். கூப்பிட்ட சாவு வீட்டுக்கெல்லாம் இனிப் பறை தூக்க மாட்டார்கள். நான் அதைக் காதில் விழுத்தவில்லை. போடியாருக்கு அடிக்காமல் விடுவார்களா என்று இருந்தேன். அப்பாவை அடக்கம் செய்த நாள் காலை குஞ்சித்தம்பி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு முற்றத்துக்கு வந்தார்.

"வரமாட்டம் எண்டு ஆள் விட்டுச் சொல்லாம, நானே வந்து சொல்லணும் எண்டு வந்தன்," என்றார். "போடியார் எனக்கு நல்ல மனிசன். மண் போட வருவன். பறைக்கு வரமாட்டன்."

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மனிதரை நான் முந்நூறு பேருக்கு முன் என்ன கேட்டேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. கேட்டதோடு விட்டேனா, இல்லை. அப்பாவின் உடல் வீட்டுக்குள் கிடக்க, முச்சக்கர வண்டி பிடித்துப் பொலிசுக்குப் போனேன். குஞ்சித்தம்பி குடித்துவிட்டு வந்து சாவு வீட்டில் குழப்பம் செய்தான் என்று முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைத்தேன். எட்டு மணிக்கே அவரைப் பொலிசுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பின்னேரம் ஐந்தரைக்குத்தான் விட்டார்கள். அதற்குள் அப்பாவைப் பறை இல்லாமல், சங்கு மட்டும் ஊதிக் கொண்டுபோய் அடக்கிவிட்டோம். கொழும்பிலிருந்து சிவதர்சன் காரில் வந்து இறங்கியபோது நாங்கள் மயானத்தால் வந்து தலை முழுகிவிட்டோம். அவனிடம் யாரும் பறை இல்லை என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மூடத்தான் மலரில் அந்த வரியைப் போட்டேன்.

இதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு றுமானா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்கட முறைப்பாடுதான் உங்கட வீட்டக் காப்பாத்தப்போகுது. காலைல இருந்து பின்னேரம் வரைக்கும் பொலிஸ் வாங்கில இருந்த ஆள் உங்கட வளவில பறை அடிக்க ஏலாது. ஆனா புத்தகத்தில முறைப்பாடு எழுதின நேரம் மட்டுந்தான் இருக்கும். எத்தின மணிக்கு விட்டாங்க எண்டு இருக்காது. சாவுக்கு வந்த உங்கட ஆக்கள் சொன்னா, வேண்டியவங்க எண்டு தள்ளிருவாங்க. அத அவர்தான் வந்து சொல்லணும்."

"அவர் எனக்காக வருவாரா?"

"கேட்டுப் பாருங்க. கேக்காம எனக்குத் தெரியா."

குஞ்சித்தம்பிக்குத் தொழில் மேசன் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மதில் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். இரண்டு வருடமாக நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. அதற்கு முன் பேசியதெல்லாம் நான் 'நீ' என்றும் அவர் 'அம்மா' என்றுந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பிஸ்காலின் அறிக்கையை நீட்டினேன். தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார். அவர் முகம் சிவந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"நான் அடிக்கமாட்டன் எண்டு சொல்லி வாங்கில குந்தின நாள். அந்த நாள்ல நான் அடிச்சனாம்."

"அதத்தான் கோட்டில வந்து சொல்லணும்."

"சொல்லுவன். உங்களுக்காக இல்ல, என்ட பேருக்காக." கடதாசியை மடித்து என்னிடம் தந்தார். "ஆனா ஒண்டு. நான் ஏறிச் சொல்ல முதல் நீங்க ஏறிச் சொல்லணும். முறைப்பாடு பொய் எண்டு சொல்லணும். அண்டைக்கு முத்தத்தில என்னப் பாத்துச் சொன்னதையும் சொல்லணும், அப்பிடியே. ஒரு சொல்லும் விழக்கூடாது."

"அது வழக்குக்குத் தேவையில்லையே."

"எனக்குத் தேவை, யசோதினி."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது, அதையும் மறைக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுப் படலையைத் திறந்தபோது திட்டு முடிந்துவிட்டது. அவர் கேட்டதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை.

றுமானாதான் பயந்தாள். "அக்கா, முறைப்பாட்ட அப்பிடியே கோட்டில குடுத்தாலே போதும். பொய் எண்டு நீங்களா சொன்னா, பொலிசுக்குப் பொய்த் தகவல் குடுத்த குற்றத்துக்கு உங்களுக்கு மேல தனி வழக்கு வரும். அதோட எதிர்ப்பக்கம் உங்களப் பொய்க்காரி எண்டு நீதிபதிக்கு முன்னால நிறுத்தும். வீடே போகலாம்."

"நான் பொய்க்காரிதானே, றுமானா. அதில என்ன கிடக்கு. நான் சொல்லாட்டி அவர் வரமாட்டார். அவர் வராட்டியும் வீடு போகும்."

விசாரணை நாளில் முதலில் பிஸ்கால் சாட்சிக் கூட்டில் ஏறினார். காலை பத்தரைக்கு வந்தாராம், சாவு வீடாக இருந்ததாம், பறைக்காரர் ஏற்கெனவே நின்றார்களாம், குஞ்சித்தம்பியைக் கூப்பிட்டு ஒருதரம் அடிக்க வைத்தாராம். மனிதர் தடுமாறாமல் சொன்னார். எங்கள் ஊருக்கு இருபது வருடமாக அவர் கொடுத்த எல்லா அறிக்கையிலும் அந்த ஒரே பெயர்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வந்தாலும் குஞ்சித்தம்பி, வராவிட்டாலும் குஞ்சித்தம்பி.

பிறகு நான் ஏறினேன். றுமானா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சிவதர்சனின் சட்டத்தரணி நினைவு மலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"இந்த வரியை எழுதியது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான்."

"பறைமேளம் முழங்க என்று எழுதியிருக்கிறீர்கள்."

"பொய் எழுதினன்."

"பொலிசில் கொடுத்த முறைப்பாடு?"

"அதுவும் பொய். அவர் குடிக்கல்ல, குழப்பம் செய்யல்ல. பறை அடிக்கமாட்டன் எண்டு மரியாதையா வந்து சொன்னார். அதுக்காகத்தான் பொய் முறைப்பாடு குடுத்தன்."

சட்டத்தரணி நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். "எழுதியதும் பொய், முறைப்பாடும் பொய். இப்போது சொல்வது மட்டும் உண்மையா?"

"முந்தின ரெண்டு பொய்யும் என்ட மானத்தக் காப்பாத்தச் சொன்னது," என்றேன். "இப்ப சொல்லுற உண்மையால அந்த மானம் போகுது. போகட்டும். அண்டைக்கு நான் அவரப் பாத்து என்ன சொன்னன் எண்டும் எழுதிக்கொள்ளுங்க, ஐயா. 'உன்ட அப்பன் இந்த முத்தத்தில குனிஞ்சு நிண்டவன். சேட்டுப் போட்டா நீ ஆளாகிருவியா. பறைய எடுத்துட்டு வா, இல்லாட்டி உன்ன ஊர்ல இரிக்கவிடமாட்டன்.' இதுதான் சொன்னது. முந்நூறு பேர் கேட்டவங்க."

தட்டெழுத்துப் பிள்ளை கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நீதிபதி அவளிடம் எழுதச் சொன்னார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. கூட்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டு, குனியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு குஞ்சித்தம்பி. அதே வெள்ளைச் சேட்டு.

"உங்கள் தொழில் பறை அடிப்பதுதானே?" என்று தொடங்கினார் அந்தச் சட்டத்தரணி.

"தொழில் மேசன். பறை எனக்குத் தெரிஞ்ச வித்தை."

"சாவு வீடுகளுக்கு அடித்ததில்லையா?"

"அடிச்சிரிக்கன். அந்த மார்கழியோட விட்டாச்சு."

"விட்டதை யாருக்கு அறிவித்தீர்கள்?"

"ஊருக்குச் சொன்னம். பிஸ்காலுக்கும் சொல்லணும் எண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி பார்த்ததும் அடங்கியது.

"கந்தப்போடியாரின் சாவுக்குப் பறை அடிக்கவில்லை என்றால் இந்த மாவட்டத்தில் யார் நம்புவார்கள்?"

"நம்பாட்டி என்ன செய்யிற," என்றார் குஞ்சித்தம்பி. "எங்கட அப்பன்மார் அடிச்சுக் கேட்டே பழகிட்டீங்க. நாங்க அடிக்காம விட்டா அது உங்களுக்கு நடந்ததாகவே தெரியல்ல. நான் காலைல எட்டு மணிக்கு வாங்கில குந்தினன். பின்னேரம் அஞ்சரைக்கு எழும்பினன். நல்ல மனிசனுக்கு ஒரு பிடி மண் போடப் போக ஏலாமப் போச்சு. பத்தரைக்கு நான் போடியார்ட வளவில நிண்டன் எண்டு பிஸ்கால் ஐயா பொலிசுக்குச் சொல்லியிருந்தா, எனக்கு அண்டைக்கு வீட்ட போயிருக்கலாம்."

பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் வந்தது. என் கையெழுத்தும் திகதியும் நேரமும் அதில் இருந்தன. இரண்டு கிழமைக்குப் பிறகு கட்டளை வாசித்தார்கள். பறை அடிக்கப்படவில்லை, அறிவித்தல் கொடுக்கப்படவில்லை, முந்தின தீர்ப்பு நீக்கப்படுகிறது. பிஸ்காலின் அறிக்கை பற்றித் தனி விசாரணை. என் வாக்குமூலத்தின் பிரதி பொலிசுக்கு. வழக்கைத் தொடர விரும்பினால் வழக்காளியான சிவதர்சனே ஒழுங்கு செய்து, காணியில் சட்டப்படி மறுபடியும் பறையறைந்து அறிவிக்க வேண்டும்.

படிக்கட்டில் இறங்கும்போது எனக்குச் சந்தோசத்தில் புத்தி மாறிவிட்டது. குஞ்சித்தம்பிக்குப் பக்கத்தில் போய், "அவன் உங்களிட்டத்தான் வருவான். இந்த ஒருதரம் அடிச்சு விட்டாத்தான் என்ன, நானும் வழக்க நேரா நிண்டு பேசலாமே," என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "உங்கட வீடு தப்பினது நான் அடிக்காததால, யசோதினி. அது இன்னும் விளங்கல்லயா."

விளங்கியது. மீதிப் படியை இறங்கினேன்.

சிவதர்சன் எங்கள் ஊரில் கேட்டான், பக்கத்து ஊர்களில் கேட்டான், கல்குடா வரை ஆள் விட்டுத் தேடினானாம். எல்லாத் தெருவுக்கும் கதை போய்விட்டிருந்தது. வர ஒருவரும் இல்லை. "பறை அடிக்கணும் எண்டுதான் சட்டத்தில இருக்கி, ஆர் அடிக்கணும் எண்டு இல்ல," என்று றுமானா எதிர்ப்பக்கச் சட்டத்தரணியிடம் மிகவும் பணிவாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் புதிய பிஸ்கால் ஒருவர் கடதாசியோடு படலையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நீளக் காற்சட்டையும் பளபளத்த சப்பாத்துமாக என் மச்சான். கழுத்தில் ஒரு பறை தொங்கியது. எந்தக் கடையில் வாங்கினானோ, வார் கூடச் சரியாகக் கட்டத் தெரியவில்லை.

பிஸ்கால் வாசித்தார். சிவதர்சன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து நாலு தட்டுத் தட்டினான். தெரு முழுக்கச் சனம். குனிந்த அவன் தலையைப் பார்த்தபோது, ஒரு மனிதரிடம் நான் முற்றத்தில் நின்று என்ன கேட்டேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஆனால் இவனுக்கு இரக்கப்பட நான் தயாரில்லை. இவன் தன் ஆசைக்குத் தூக்கிய பறை இது.

"எனக்குக் கேக்கல்ல," என்றேன். "இன்னொருக்கா."

பிஸ்கால் அவனைப் பார்த்தார். அவன் மறுபடி அடித்தான்.

"வாவிப் பக்கமும் வளவு இரிக்கு. அங்கயும் அடிக்கணும். அப்பதான் சட்டப்படி."

வெயிலுக்குள்ளால் நடந்து போய் அங்கேயும் அடித்தான். உசாந்தி தொலைபேசியில் படம் பிடித்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

பொலிசிலிருந்து எனக்கு அழைப்பாணை போன கிழமை வந்தது. பொய்த் தகவல் கொடுத்த குற்றம். முதலாம் சாட்சி, குஞ்சித்தம்பி. அதை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மதில் தோள் உயரத்துக்கு எழும்பியிருந்தது.

"எனக்கும் வந்திரிக்கு," என்றார். "என்ன சொல்லப் போறீங்க?"

"குத்தவாளி எண்டு."

"அப்ப சாட்சி தேவல்ல. எனக்கு அங்க வேலை இல்லயே."

"இரிக்கு," என்றேன். "நான் சொல்லுறத நீங்க வந்து கேக்கணும், அண்ணன்."

அவர் அடுத்த கல்லை எடுத்து, சாந்து பூசி, நூலுக்கு நேராக வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"வாறன்," என்றார்.